நூற்றுப்பதினேழாவது வட்டாரம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன். செத்துப்போன கணவனுக்கு ஒருத்தி பார்சலில் அனுப்பிய ஸ்வெட்டர் நான்காம் நாள் போய்ச் சேர்ந்தது. ரசீதில் அவன் கையெழுத்து இருந்தது, கடைசியில் அவன் வழக்கமாகப் போடும் சுழியோடு.

கணவன் மனைவி இருவரும் ஒரு பார்சல் கம்பெனியில் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவர்கள். அவர்கள் எழுதியது சின்ன லைப்ரரி. புத்தகம் கிடையாது, நானூறு வரி நிரல்தான். ஒரே வட்டாரத்தை ஜனங்கள் பழைய பெயர், புதுப் பெயர், சுருக்கப் பெயர் என்று பத்து விதமாக எழுதுவார்கள். எது வந்தாலும் அந்த லைப்ரரி அதை அரசாங்கப் பட்டியலில் உள்ள ஒரே பெயராக மாற்றிக்கொடுக்கும். பட்டியலில் இருந்தவை நூற்றுப்பதினாறு வட்டாரங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவன் நூற்றுப்பதினேழாவதாக ஒன்றைச் சேர்த்தான்.

"இது எங்கங்க இருக்கு?"

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். குளிராம் அங்க."

அவன் போனபின் அந்த வட்டாரத்துக்குத்தான் அவள் ஸ்வெட்டரை அனுப்பினாள். அதற்குப் பின் ஆறு வருஷத்தில் மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, செருப்பு எல்லாம் போயின. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வந்தது. சாலை பரவாயில்லை, மூடுபனிதான் ஜாஸ்தி என்று வண்டிக்காரர்கள் குறித்துவைத்தார்கள்.

ஏழாம் வருஷம், அரசாங்கப் பட்டியலில் இல்லாத எந்த வட்டாரமும் லைப்ரரியில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. மேலாளர் அவள் மேஜை அருகே வந்து தலையைச் சொறிந்தார்.

"இல்லாத ஊருக்கு இத்தன வருஷமா வண்டி விட்டிருக்கோம்மா. மேல கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்ல?"

"நம்ம லைப்ரரில எந்தப் பேரையும் அழிக்கறதில்ல சார். செல்லாத பேர, செல்ற வட்டாரத்தோட சேத்துவிடுவோம்."

"சரி, எதோட சேக்கப் போறீங்க?"

"எங்க வீடு இருக்கற வட்டாரத்தோட."

இடம் வந்தால் ஆளும் வந்துவிடுவான் என்பது அவள் நினைப்பு. அன்றே சேர்த்துவிட்டு, மறுநாள் லீவு போட்டு, இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்து, கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்தாள். மூடுபனி வந்தது. தெருவெல்லாம் வெயில் கொளுத்த, அவள் வீட்டுக்குள் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மத்தியானம் பார்சல்கள் வந்தன. கண்ணாடி, டப்பா, செருப்பு, எல்லாவற்றிலும் 'வாங்க ஆளில்லை' என்ற சீட்டு. கடைசிப் பொட்டலத்தில் ஸ்வெட்டர், இரண்டு முழங்கையும் தேய்ந்து. அவள் ஓடிப்போய் நிரலைப் பழையபடி மாற்றினாள். வரி திரும்பியது, வட்டாரம் திரும்பவில்லை.

பனி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பால்காரர் வாசலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார். அவள் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்காருகிறாள்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் பொழுதோடு திரும்பட்டும், தங்கங்களா. உங்கள் கதவைத் தேடி வருவது எப்போதும் ஆளாகவே இருக்கட்டும்.