தலைமாட்டுக் கயிறு

தாத்தாவை அடக்கம் செய்ய மூன்று மணி நேரம் இருக்கும்போது, அவருடைய கடைசி உத்தரவின் மேல் இன்னிஸ் சூப்பைக் கொட்டினான்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சூப். புகையூட்டிய மீனும் உருளைக்கிழங்கும் பாலும் போட்டுக் காய்ச்சியது. ஸ்காட்லாந்தின் பான்ஃப்ஷயர் கடற்கரையில் யார் செத்தாலும் இது அண்டா அண்டாவாக வந்து சேரும். கொட்டியதோடு விட்டிருந்தால் தேவலை. பதறிப்போய், பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தான் பாருங்கள், அங்கேதான் விஷயம் கெட்டது. தாத்தா மேஜர் ரியாக் ஆயுள் முழுக்க மைப்பேனாவால்தான் எழுதினார். பால்பாயின்ட் பேனா சோம்பேறிகளுக்கு என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை இப்போது நீல நிறத்தில், மீன் வாசனையோடு துணியில் ஊறியிருந்தது.

பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள். கயிற்றுக்கு ஒரு எண், எண்ணுக்கு ஓர் ஆள். ஒன்றாம் எண் தலைமாட்டில், இரண்டாம் எண் கால்மாட்டில், மற்ற ஆறும் பக்கவாட்டில். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்குப் போகும். யாருக்கு எந்த எண் என்பதை வைத்தே அந்த ஊரில் அண்ணன் தம்பிகள் இருபது வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். மேஜர் அப்படி எதற்கும் இடம் வைக்கிறவர் அல்ல. உயிரோடு இருக்கும்போதே தானே பட்டியல் போட்டுவிட்டார். ராணுவ வழக்கப்படி பெயர்கள் ஆங்கில அகர வரிசையில், எண்கள் வலது ஓரத்தில்.

மூன்று முதல் எட்டு வரை பளிச்சென்று இருந்தன. நடுவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பெயர்களுக்கு எதிரே மட்டும் ஒரு நீல மேகம். ஒன்று லோபன், தாத்தாவின் பழைய சார்ஜண்ட். மற்றது ரியாக், இன்னிஸ்.

இன்னிஸ் ஒரே பேரன். ரத்த உறவென்று வேறு நாதி இல்லை. ஊர் வழக்கப்படி ஒன்றாம் எண் அவனுக்குத்தான். இதில் என்ன குழப்பம் என்று கேட்டால், நாற்பத்தோரு நாள்தான் குழப்பம்.

மேஜர் அந்தக் கரையிலேயே பிறந்த மீனவர் மகன். பதினேழு வயதில் வெறும் சிப்பாயாகச் சேர்ந்து, மலேயாக் காடு, ஏடன் வெயில், ஜெர்மனிக் குளிர் என்று அலைந்து, படிப்படியாக மேலே வந்தவர். மனைவியைப் புதைத்தார். பிறகு மகனையும் மருமகளையும் ஒரே கார் விபத்தில் பறிகொடுத்துப் புதைத்தார். அன்று சாயங்காலமே ஆறு வயதுப் பேரனையும், அவன் விட மாட்டேன் என்று கட்டிக்கொண்ட ஆமையையும் ஒரே டாக்சியில் வீட்டுக்கு ஏற்றி வந்தார். இருவரில் ஆமைதான் சீக்கிரம் ஒழுங்குக்கு வந்தது என்று இன்னிஸ் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வைப்பான்.

பத்தொன்பது வயதில் அவனை ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். நாற்பத்தோராம் நாள், முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றான். கத்துவார் என்று காத்திருந்தான்.

"ரயில் நேரத்துக்கு வந்துச்சா?" என்றார் மேஜர்.

"பன்னிரண்டு நிமிஷம் லேட்டு, தாத்தா."

"ம்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு இன்னிஸ் கிளாஸ்கோவுக்குப் போனான். சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடித்து, ஸ்காட்லாந்துக்காரர்களின் கஞ்சத்தனம் பற்றி அமெரிக்கர்களுக்கு ஜோக் சொல்வது பிழைப்பாயிற்று. இருபது வருஷமாக அதே பதினொரு ஜோக். புத்தாண்டுக்கு மட்டும் ஊருக்கு வருவான். இருவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வருஷம் பிறந்ததும் கை குலுக்கிக்கொள்வார்கள். நாற்பத்தோரு நாளைப் பற்றி அவரும் கேட்டதில்லை, இவனும் சொன்னதில்லை.

"அட்டை எழுதணும்பா," என்று வந்து நின்றார், அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் திருமதி பெட்ரி. கயிறு பிடிப்பவர்களுக்கு எண் போட்ட அட்டை கொடுப்பது அவர் வேலை. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "ஆறு அட்டை எழுதிட்டேன். இந்த ரெண்டுக்கு உன் தாத்தா என்ன போட்டாரு?"

"மீன் போட்டிருக்கார்."

"விளையாடாத. குழிகிட்ட வந்து நீ முந்தி நான் முந்தின்னு நிக்கக் கூடாது. சார்ஜண்டைக் கேளு. பட்டியல் எழுதும்போது பக்கத்துல இருந்தவரு அவர்தான்."

சார்ஜண்ட் லோபன் சமையலறை வாசலில் நின்றபடியே சூப் குடித்துக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது. ஏடனில் மேஜரின் வண்டி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகும் முப்பது வருஷம் வியாழக்கிழமை தோறும் வந்து சதுரங்கத்தில் தோற்றவர்.

"எனக்கு என்ன நம்பர் சார்ஜண்ட்?"

"ரெண்டு கயிறும் ஒரே நீளம்டா பயலே."

"அதைக் கேக்கல. என்ன எழுதினாரு?"

"கண்ணு தெரியல எனக்கு. கண்புரை."

"நேத்து அந்த முனையில வந்த பஸ்ஸோட நம்பரைப் படிச்சீங்களே?"

"பஸ்ல பெருசா எழுதியிருப்பான்." கிண்ணத்தை வழித்துக் குடித்தார். "உப்பு கம்மி. நீ ஒண்ணை எடுத்துக்கோ. பேரன்தானே? யாரு கேக்கப் போறா?"

எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றால் எழுதியிருந்தது அதுவல்ல என்பது ஆமைக்குக்கூடப் புரியும். இன்னிஸ் முன்னறைக்குப் போய் நின்றான். ஒரே ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. அந்தத் தெருவில் எல்லார் வீட்டு நாற்காலியும் கடலைப் பார்த்து இருக்கும். கடலுக்காகத்தான் அங்கே வீடு வாங்குவார்கள். மேஜரின் நாற்காலி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து இருந்தது. தரைவழிப் படையெடுப்புக்குக் காவல் இருக்கிறார் என்று இன்னிஸ் கிண்டல் செய்வான். அவர் சிரித்ததில்லை. இன்று அதில் உட்கார்ந்து பார்த்தான். மேட்டுப் பாதை முழுதும் தெரிந்தது. அதில் யாரும் வரவில்லை.

இடுகாட்டில் மழை சாய்வாக அடித்தது. வழக்கமான பேக்பைப் இசை கிடையாது. செத்தவனுக்குக் காது கேட்காது, இருப்பவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று அதற்கும் எழுத்தில் உத்தரவு இருந்தது. ஆறு பேர் தங்கள் இடத்தில் நின்றார்கள். பெட்டியின் இரண்டு முனைகளும் ஆளில்லாமல் இருந்தன. திருமதி பெட்ரி இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

இன்னிஸின் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. பன்னிரண்டாவது. நன்றாகவே இருந்தது. அதை அப்படியே விழுங்கினான். லோபனிடம் போய், மழையில் அவருக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தான்.

"சார்ஜண்ட். கிண்டல் பண்ணல. ஓடி வந்தவனுக்குத் தலைமாடு எதுக்குன்னு அவர் நினைச்சிருந்தா அதையே சொல்லுங்க. தாங்கிக்கிறேன். அவர் குடுக்காத கயிறை மட்டும் என்னைப் பிடிக்க வைக்காதீங்க."

லோபன் தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையில் மழை வழிந்தது.

"ரெண்டு," என்றார். "உனக்கு ரெண்டு. ஒண்ணு எனக்கு. பட்டியல்ல முதல்ல நம்பர் போட்டதே உன் பேருக்குத்தான். நான் சண்டை போட்டேன்டா. பேரன் சார், அவனுக்கு ஒண்ணைக் குடுங்க, இல்லேன்னா மனசு விட்டுருவான்னேன். பேனாவை மூடிட்டு என்னைப் பார்த்தாரு. 'தலைமாட்டுல நின்னா அவனை நான் எப்படிய்யா பார்க்கிறது? கால்மாட்டுல நிக்கட்டும். அவன் முதுகை நான் பார்த்தது போதும்'னாரு."