தீயணைப்பு வண்டிக்காக அறுத்த தூண்

மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை. ஊர்க்கூட்ட நாள். கூட்டம் நடக்கும் மாளிகையின் கணப்பு உலையில் விறகு போட விடியற்காலையில் வந்த தச்சன் ஓரின் திபோ, கீழ்த்தளத்தில் நின்ற தீயணைப்பு வண்டியின் சிவப்பு மூக்கில் காரைத்தூள் உதிர்ந்து கிடப்பதைக் கண்டான். அண்ணாந்து பார்த்தான். உத்தரத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. நேற்று அது இல்லை.

அந்த இடத்தில் முன்பு ஒரு தூண் நின்றது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஹார்ட்வெல் ஊர் புதுத் தீயணைப்பு வண்டி வாங்கியது. வண்டி உள்ளே நுழையவில்லை. கதவை அகலமாக்கினார்கள், தூண் இடித்தது. சட்டை பத்தவில்லை என்று கையை வெட்டிக்கொள்பவர்கள் உலகத்தில் உண்டென்றால் அவர்கள் எங்கள் வெர்மான்ட்காரர்கள்தான். ஓரின் ரம்பத்தை எடுத்துத் தூணை அறுத்தான். உத்தரத்துக்கு இரும்புப் பட்டை அடித்து, பேரன் காலம்வரை தாங்கும் என்றான். ஊரே கைதட்டியது.

வண்டிக்கு மேலே மாடியில் இருப்பதுதான் ஓபரா மாளிகை. அங்கே ஒருநாளும் ஓபரா என்கிற இசைநாடகம் நடந்ததில்லை. நாடகக் கொட்டகை என்றால் பாதிரியார் முகம் சுளிப்பார் என்று எண்பது வருஷத்துக்கு முன்னால் வைத்த பெயர் அது. லாட வடிவ மாடம், தகரப் பூவேலை செய்த கூரை, பார்ப்பவர்களை நோக்கிச் சரிந்த மேடை. நாடகம் ஓய்ந்ததும் ஊமைப்படம் வந்தது, பிறகு கூடைப்பந்து, பள்ளிக்கூடப் பட்டமளிப்பு, தடுப்பூசி முகாம். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் மட்டும். மூன்று குளிர்காலமாக ஓரின் கூலி வாங்காமல் அதைப் பழுது பார்த்து வந்தான். ஊர்ப் பணத்தில் மாளிகையைப் புதுப்பிப்பதா, விற்று இடித்துவிடுவதா என்று இன்றைக்கு ஓட்டு. வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருந்தான். ஜெயிப்போம் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு ஜாக்கியைக் கொண்டுவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் பானையைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவி ஆர்லீன் வந்தாள்.

"என்ன பண்ற?"

"சும்மா ஒரு முட்டு."

"சும்மா முட்டுக் குடுக்கற மூஞ்சியா இது? பேயறைஞ்ச மாதிரி இருக்க."

"சத்தம் போடாத. இன்னிக்கு ஒருநாள் தாங்கினாப் போதும். ஓட்டு முடியட்டும், நாளைக்கே சரி பண்ணிடறேன்."

"மேல ஊரே வந்து ஒக்காரப் போவுது, ஓரின்!"

"பரவலா ஒக்காந்தா தாங்கும். நான் தச்சனா, நீ தச்சனா?"

ஆர்லீன் பானையோடு மேலே போனாள். அவள் பார்த்த பார்வை அவன் முதுகிலேயே இருந்தது.

கூட்டம் வழக்கம்போல நடந்தது. பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள். சாலை ரிப்பேருக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு மாளிகை விஷயம் வந்தது. கூட்டத் தலைவர் எவரெட், புதுப்பிக்க ஆம் என்பவர்களையும் வேண்டாம் என்பவர்களையும் தனித்தனியே குரல் கொடுக்கச் சொன்னார். இரண்டு சத்தமும் ஒன்றுபோல இருந்தன.

ஆரம்பத்திலிருந்தே இடிக்கச் சொல்லிவந்த மாட்டுப் பண்ணைக்காரன் மெர்ல் காப் எழுந்தான். "சத்தத்த வச்சு என்னத்தக் கண்டுபிடிக்கறது? பிரிஞ்சு நில்லுங்க, தலைய எண்ணிப்புடலாம்."

"ஆம்னா ஜன்னல் பக்கம். வேண்டாம்னா அடுப்புப் பக்கம்" என்றார் எவரெட். தாத்தா காலத்து வழக்கம்.

ஆசை கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா? ஊரார் உட்காருவதற்குக் கணக்குப் போட்ட ஓரின், அவர்கள் பிரிந்து நிற்பார்கள் என்பதை மறந்துவிட்டான். ஜன்னல் பக்கத்துக்கு நேர் கீழேதான் தீயணைப்பு வண்டி நிற்கிறது.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவர் பின் ஒருவராக ஜன்னல் பக்கம் நடந்தார்கள். முப்பது பேர், ஐம்பது பேர், அதற்கும் மேல். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அவனுக்கு முதலில் வந்தது. அதை நினைத்து அவன் பிற்பாடு எத்தனையோ நாள் வெட்கப்பட்டான். காலடியில் பலகை மெல்ல அமுங்கியது.

"நில்லுங்க! யாரும் அங்க போகாதீங்க!"

"ஓரின், ஓட்டு நடக்குது. பேசணும்னா தலைவர்கிட்ட அனுமதி..." என்று இழுத்தார் எவரெட்.

"அனுமதியும் மண்ணாங்கட்டியும்! கீழ தூண் இல்ல, எவரெட். நான்தான் அறுத்தேன். உத்தரம் வெடிச்சிருக்கு. காலைலயே பாத்தேன். பாத்துட்டு வாய மூடிட்டு இருந்தேன்."

பின்னல் ஊசி ஒன்று தரையில் விழுந்தது. கீழே ஏதோ முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஓடாதீங்க! செவரோரமா, பத்துப் பத்துப் பேரா எறங்குங்க" என்று ஓரின் கத்தினான். மாடிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணி எண்ணி இறக்கிவிட்டவன் மெர்ல். கடைசியாக ஓரின் படியிறங்கி வந்த கொஞ்ச நேரத்தில் ஜாக்கி ஒன்று சரிந்து வண்டிமேல் விழுந்தது. ஜன்னல் பக்கத் தரை ஒரு கை ஆழம் தொய்ந்தது.

தெருவில் முழங்கால் பனி. வெர்மான்ட்காரன் உயிர் தப்பினாலும் கூட்ட விதியை விடமாட்டான். எவரெட் தொண்டையைக் கனைத்தார். "ஓட்டு பாதில நிக்குது. ஆம்னா தேவாலயப் பக்கம், வேண்டாம்னா கடைப் பக்கம்."

சற்றுமுன் ஜன்னலோரம் நின்றவர்கள் ஓரினின் முகத்தைப் பார்க்காமல் கடைப் பக்கம் நடந்தார்கள். ஓரின் தேவாலயப் பக்கம் போய் நின்றான். ஆர்லீன் வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

மெர்ல் தெருவைக் கடக்கும்போது நின்றான். "மடையா, ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா ஜெயிச்சிருப்ப. ஜன்னல் பக்கம் நூறு தலைக்கு மேல எண்ணிட்டேன்."

"தெரியும்."

மெர்ல் தொப்பியைக் கழற்றித் திரும்ப வைத்துக்கொண்டு கடைப் பக்கமே போனான்.

"ஆம் முப்பத்தொம்பது. வேண்டாம் நூத்தி முப்பத்திநாலு" என்று எவரெட் அறிவித்தார்.

ஓரின் இரண்டையும் மனசுக்குள் கூட்டினான்: நூற்று எழுபத்து மூன்று. பெயர்ப் பட்டியலோடு நின்ற ஊர் எழுத்தர் வினிஃப்ரெட்டைப் பார்த்து, "காலைல மாடிக்கு ஏறினவங்க எத்தன பேருக்கு டிக் போட்ட?" என்று கேட்டான்.

"நூத்தி எழுபத்திமூணு. ஏன்?"

அவன் பனியில் அப்படியே உட்கார்ந்து, ஊரார் பார்க்க, விசித்து விசித்து அழுதான்.