மணி அடித்த பிறகு

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவரின் மூடியிருந்த கண்ணோரத்தில் காய்ந்திருந்த மருந்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குத்து விழுந்த தாடையில் வீக்கம் வடிந்துவிட்டது. தரையில் மோதிய பின்மண்டைதான் நான்கு நாளாக அவரைக் கண் திறக்கவிடவில்லை.

கணவர் வாரநாளில் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிறானால் குத்துச்சண்டை நடுவர். அன்று கடைசி மணியும் அடித்து, முடிவும் சொல்லியாகிவிட்டது. தோற்றவனின் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு மற்றதற்குக் குனிந்தார். கையுறை கழன்ற வெறுங்கை பக்கவாட்டிலிருந்து வந்து அவர் தாடையில் விழுந்தது.

குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் ஆப்பிள் பையோடு வந்தார். "அடிச்சவனுக்கு ரெண்டு வருஷம் தடை போட்டுட்டோம்மா. எங்க விதியில அதுக்கு மேல இடமில்ல."

"மூணாவது வருஷம் திரும்ப மேடை ஏறலாமா?" என்றான் கொழுந்தன். அவனும் குத்துச்சண்டைக்காரன்தான். செயலாளர் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வராந்தாவில் ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "இப்போதைக்கு அடிதடி கேஸ்தாம்மா. ஜாமீன்ல வந்துட்டான். சாருக்கு ஏதாவது ஆச்சுன்னா செக்‌ஷன் மாறும். அப்பவும், ஒரே அடி, வெறுங்கை, கொல்ற எண்ணமில்ல, தரைதான் கொன்னுச்சும்பாரு வக்கீல்."

சட்டமும் இவர் மூச்சைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று நினைத்தாள்.

கொழுந்தன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தூங்கும் அண்ணனை நடுவர் போலப் பத்து வரை எண்ணி எழுப்பிக் கேலி செய்கிற வாயாடி அவன்.

அன்று பிற்பகல் மூன்றரைக்கு அவர் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. "தூக்க ஒரு ஆள் குறையுது, தம்பியக் கூப்பிடுங்க" என்றார்கள். அவள் பின்னறைக்குப் போனாள். கையுறைக்குள் சுற்றும் நீளத்துணியை அவன் வலது கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"அவன் வீட்டுக்கு. முன்னாடி நின்னு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையத் தூக்குடான்னு சொல்லிட்டுத்தான் அடிப்பேன் அண்ணி. அண்ணனே பார்த்தாலும் ஃபவுல்னு சொல்லமாட்டாரு."

அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அவனெதிரே தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் தொங்கிய துணிமுனையைப் பிடித்து ஒரு சுற்றுப் பிரித்தாள். கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே மறுபடியும் கூப்பிட்டார்கள். அடுத்த சுற்றைப் பிரித்தாள். துணி மடியில் குவியக் குவிய விரல்கள் தெரிந்தன, இன்னும் மடங்கியபடியே.