பட்டன் டப்பாவுக்குள் ஒரு குச்சி

துணி காயப்போட வந்த தையற்காரிக்குக் கொய்யாச் செடியில் ஒரு காய்ந்த குச்சி நடப்பது தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். குச்சிக்கு ஆறு கால்! இப்படியொரு பூச்சியை அவள் ஜென்மத்தில் கண்டதில்லை.

"ஏங்க!" என்று ஆசையாகக் கூப்பிட்டவள், வாசலில் கணவர் போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள்.

தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தோட்டத்துப் பூச்சிகளைப் படமெடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு. இன்ன பூச்சி என்று பதில் சொல்பவர் எங்கோ இருக்கும் ஓர் அம்மாள். தையற்காரி அவருக்கு வைத்த பெயர் பூச்சியம்மா. முன்பெல்லாம் சட்டை நிறம் முதல் தலைவலி மாத்திரை வரை மனைவியைத்தான் கேட்பார் மனிதர். இப்போது எதற்கெடுத்தாலும், "மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா?"

இந்தக் குச்சியையும் அந்த மேடத்துக்குத்தானே அனுப்புவார்! பட்டன் டப்பாவைக் காலி செய்து எடுத்துவந்து, பூச்சியை உள்ளே விட்டு, இறுக மூடினாள்.

"கூப்பிட்டியா?" என்று வந்து நின்றார் கணவர்.

"நான் எதுக்குக் கூப்பிடுறேன்? உங்க மேடம் கூப்பிட்டிருப்பாங்க."

"அவங்க என்னை 'ஏங்க'ன்னா கூப்பிடுவாங்க?"

"யாரு கண்டா!"

சாயங்காலம் கும்பிட உட்கார்ந்தாள். 'எல்லா உயிரும் நல்லா இருக்கணும்' என்று தினமும் தடையில்லாமல் வரும் வார்த்தை அன்று பாதியில் நின்றுவிட்டது. எழுந்துபோய் டப்பாவைத் திறந்தாள். பூச்சி கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. தொட்டாலும் அசையவில்லை.

டப்பாவோடு கணவரிடம் ஓடினாள். "நான்தாங்க மூடி வச்சேன். உங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு. செத்துப்போச்சு போலிருக்கு."

அவர் டப்பாவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "என்ன பண்ணலாம், சொல்லு."

அந்தக் கேள்விக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! ஆனாலும் டப்பாவை அவர் கையில் திணித்துச் சொன்னாள்: "அந்த அம்மாவையே கேளுங்க. சீக்கிரம்."

படம் போனது. சிறிது நேரத்தில் குரல் பதிவு வந்தது. இளைத்த, வயதான குரல். "பயப்படாதீங்க. அது குச்சிப்பூச்சி. பயந்தா செத்த மாதிரி நடிக்கும். எடுத்த செடியிலயே விட்டு, இலையில கொஞ்சம் தண்ணி தெளிங்க. ஆமா, இது யார் கண்ணுல பட்டுச்சு? நானும் வருஷக்கணக்கா தேடுறேன், ஒண்ணுகூடச் சிக்கல. எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு அவங்ககிட்ட கேட்கணுமே!"

கொய்யாச் செடியில் விட்டுத் தண்ணீர் தெளித்ததும், ஒரு கால் மெல்ல நீண்டது. அடுத்தது இன்னொரு கால். தையற்காரி கைகூப்பினாள். பிறகு, கூசிக்கொண்டே போனை வாங்கினாள்.

"அம்மா, வணக்கம். நான்தான் பார்த்தேன். குச்சியைத் தேடாதீங்கம்மா, அசைவைத் தேடுங்க. காத்து இல்லாத நேரமாப் பாருங்க..."

ஒன்றுக்கு ஒன்பது பதிவு போனது. அந்தப் பக்கத்திலிருந்தும் விடாமல் வந்தது. கணவர் அவள் தோள்வழியே எட்டிப் பார்த்தார்.

"போனைக் கொஞ்சம் குடேன். ஒரு வண்டைப் பத்திக் கேட்கணும்."

"இருங்க," என்றாள் அவள். "நாங்க பேசிட்டிருக்கோம்ல?"