யாருக்குத் தரக்கூடாது

வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கலாம்? 'அவசரக்காரர்களுக்கு' என்று எழுதியிருக்கலாம். 'சண்டைக் காட்சி கேட்பவர்களுக்கு' என்று எழுதியிருக்கலாம். கூட வேலை செய்கிற டிராகன் அக்காவின் மேசை எண்ணைப் போட்டிருந்தால் அவளே அதை நாலு பேரிடம் காட்டிச் சிரித்திருப்பாள். பேனா போன போக்கில் எழுதிவிட்டேன் என்றால் யார் நம்பப்போகிறார்கள்? பேனா தானாகவா போகும்?

கையிலிருந்த லென்ஸை மூன்றாவது தடவையாக விளக்குக்கு நேரே பிடித்தாள். கீறல் இருந்ததா இல்லையா என்பது பார்த்த உடனே மறந்துபோனது. பதினோரு வருஷமாக இந்த மூன்றாம் மேசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி லென்ஸ்களைப் பரிசோதிக்கிறாள். நல்லது வலப்பக்கத் தட்டுக்கு, கீறலும் குமிழியும் உள்ளது இடப்பக்கத் தட்டுக்கு. இன்று காலையிலிருந்து எல்லாமே இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எடுத்துத் திரும்பப் பார்த்தால் பாதிக்குமேல் நல்லவை.

எல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தால் வந்தது.

தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதில் இருநூறு நாவல்கள். கிடங்கு அதிகாரிக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர், அதனால் அவர் எல்லோருக்கும் 'துப்பு சார்'. அவர் ஆரம்பித்த அலமாரி அது. விஞ்ஞானக் கதை, மந்திரக் கதை, துப்பறியும் கதை, இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் அதில் இடமில்லை. "அழுவுற கதை வேணும்னா வீட்டுக்குப் போங்க" என்பார்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் மூன்று கட்டங்கள். எந்த இடத்தில் கீழே வைக்க முடியவில்லை? எந்த இடத்தில் கொட்டாவி வந்தது? யாருக்குத் தரக்கூடாது? படித்தவர் மூன்றையும் நிரப்பி, பெயருக்குப் பதில் மேசை எண்ணைப் போட வேண்டும். அடிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது. கருத்து மாறினால் கீழே தேதி போட்டுப் புதிதாக எழுதலாம், பழையது அப்படியே இருக்கும். துப்பு சார் இதில் கறார். கொலைகாரனின் பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதிவிட்ட மின்பணியாளர் ஒருவருக்கு மூன்று மாதம் புத்தகமே கொடுக்கவில்லை.

மூன்றாவது கட்டம் கேலிக்கென்றே இருந்தது. 'கடன் வாங்கியவர்களுக்கு, வில்லன் மேல் ஆசை வந்துவிடும்.' 'மேலாளருக்கு, ரோபோவை வேலைக்கு எடுத்துவிடுவார்.' 'மாமியாருக்கு, விஷம் வைக்கும் முறை விளக்கமாக உள்ளது.'

அவள் எழுதியது ஒரு வரிதான். 'என் வீட்டுக்காரருக்கு.'

காரணம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுவும் கேலியாகப் போயிருக்கும்.

அது ஒரு விண்கலக் கதை. தொள்ளாயிரம் வருஷம் பயணம் போகிற கலம், உள்ளே நாலாயிரம் பேர். காற்று எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. குழாய் பழுதுபார்க்கும் ஒருத்தி, புழக்கத்தில் இல்லாத தண்ணீர்த் தொட்டிக்குள் தினம் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அழுவதில்லை, எதுவும் எழுதுவதில்லை, யாரையும் சந்திப்பதில்லை. சும்மா உட்கார்கிறாள். கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். சபையில் நிறுத்திக் காரணம் கேட்கிறார்கள். அவளிடம் காரணம் இல்லை.

அந்தப் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்து, முடித்த சூட்டோடு கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்து எடுத்தவன் கீழ்த்தளத்துப் பார்சல் பிரிவு ஆள். அவள் கணவனும் அதே பார்சல் பிரிவுதான். தேநீர் வேளையில் அந்தத் தாளைச் சத்தமாக வாசித்திருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், கணவனும் சேர்ந்துதான். சிரித்துவிட்டு, புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் கையில் புத்தகத்தைப் பார்த்த மகள், "அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அவன் விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேறொரு நாவலைப் பிரித்தாள். ராஜ்ஜியத்தை இழந்த சூனியக்காரி ஆற்றைக் கடக்கிற கட்டம். சூனியக்காரி கடந்தபாடில்லை. எழுந்துபோய் உலர்ந்த துணியை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். ஒரு துப்பறியும் கதையை எடுத்தாள், பிணம் கிடைக்கிற பக்கத்தையே நாலு முறை படித்தாள். அவன் பக்கம் புரட்டுகிற ஒவ்வொரு தடவையும் எந்த இடம் என்று எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குழாய்க்காரி புருஷன் நல்லவன்தானே?" என்றான் அவன், செவ்வாய்க்கிழமை. "குடிக்கல, கை நீட்டல. சாப்பாடு எடுத்து வச்சுட்டு அவளுக்காகக் காத்துட்டிருக்கான்."

"நல்லவன்தாங்க."

"அப்புறம் என்ன குறைச்சல் அவளுக்கு?"

"குறைச்சல்னு ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன எதுக்குத் தொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கறா?"

"கதைங்க அது."

"கதை சரி. மூணாவது கட்டத்துல எழுதினது கதை இல்லையே."

புதன்கிழமை அவன் வேறு மாதிரிக் கேட்டான். "நான் உன்னை என்னைக்காவது ஏதாவது சொல்லியிருக்கேனா?" வியாழக்கிழமை எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டைத் தானே கழுவி வைத்தான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

துப்பறியும் கதைகளில் யாரும் காரணமில்லாமல் ஒரு குண்டூசியைக்கூட நகர்த்துவதில்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, இன்னார் இன்னதற்காக இதைச் செய்தார் என்று பிட்டுப்பிட்டு வைத்துவிடுவார்கள். அப்படி யாராவது வந்து தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவன் மேல் கோபமா? தேடிப் பார்த்தாள், இல்லை. வீட்டைவிட்டுப் போக ஆசையா? அதுவும் இல்லை. எங்கே போவது, எதற்குப் போவது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் அவன், "என்ன படிக்கிற?" என்று கேட்டதில்லை. மற்றப் பெண்கள் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதுதான் இந்த நாலு நாளில் அவளுக்கே தெரிய வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. கிடங்கு வாசலில் போட்டிருந்த நீள மேசையில் வழக்கமான கூட்டம். மெருகுப் பிரிவு டிராகன் அக்கா டப்பாவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். சிறகுள்ள ஜந்து இல்லாத புத்தகத்தை அவள் தொடுவதே அபூர்வம்.

"ஏண்டி, நீ ஊரையே கூட்டின அந்தப் புஸ்தகத்த நானும் படிச்சுட்டேன். உனக்கும் முன்னாடி எடுத்தவ நான்தான். ஒரு சண்டை இல்ல, ஒரு சாபம் இல்ல. தொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கறா! இதுக்கு எதுக்குடி ராக்கெட்டு? எங்க வீட்டு மொட்டைமாடி போதாதா?"

"நீங்க மாடிக்குப் போனா பின்னாடியே நாலு பேர் வருவாங்களே அக்கா."

"வரட்டுமே. வத்தல் காயவைக்க ஆள் வேணாமா?"

துப்பு சார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அந்தத் தொட்டியில கண்டிப்பா ஒரு பொணம் இருக்கும்னு கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருந்தேன்மா. ஏமாத்திட்டான். மூடின எடம், தனியா ஒரு பொம்பள, காரணம் தெரியல. எவ்வளவு அருமையான ஆரம்பம்! வீணாக்கிட்டான்."

"உங்களுக்குப் பொணம் விழலைன்னா சாப்பாடு இறங்காது சார்," என்றாள் டிராகன் அக்கா. "என்னைக் கேட்டா அவ ராணியா இருந்திருக்கணும். குழாய் ரிப்பேர்காரி கதையை எவன் படிப்பான்?"

"நான் படிச்சேன்," என்றாள் அவள்.

சொன்ன குரல் சற்று உரத்துவிட்டது. டிராகன் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொரியலை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

அப்போதுதான் கணவன் மாடிப்படி ஏறி வந்தான். பார்சல் பிரிவு ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் மேலே வருவதில்லை. கையில் அந்தப் புத்தகம். துப்பு சார் அவசரமாகக் கை கழுவிவிட்டுக் கிடங்குக்குள் போனார், இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அவர்கள் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

மேசைமேல் புதுத் தாள் ஒன்று தயாராக இருந்தது. மூன்று கட்டங்களுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. டிராகன் அக்காவின் கருத்தைத் துப்பு சாரே தன் கையெழுத்தில் எழுதி முடித்திருந்தார். அதற்குக் கீழே மூன்றாம் மேசைக்கு இடம் விட்டிருந்தது.

"பழைய தாள்ல டீ கொட்டிருச்சுன்னு நான் சொல்லிக்கறேன்," என்றார் துப்பு சார், அவள் முகத்தைப் பார்க்காமல். "முதல் ரெண்டும் எழுதின மாதிரியே எழுதிடும்மா. மூணாவதுல மட்டும் வேற ஏதாவது."

"அழிக்கக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?"

"அழிக்கல. மாத்தி ஒட்டறோம்." அவருக்கே அது சரியாகப் படவில்லை போலிருந்தது. "குடும்பம்னு வரும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தாம்மா போகணும்."

கணவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கீழ என்னால நிக்க முடியல. எதை எடுத்து நீட்டினாலும், 'அண்ணே, இது உங்களுக்குத் தரலாமா, தரக்கூடாதா?'ங்கறானுங்க. வேற ஒண்ணும் வேணாம். 'எல்லாருக்கும் தரலாம்'னு எழுதிடு. அவ்வளவுதான் கேக்கறேன்."

அவன் கண் சிவந்திருந்தது. நாலு நாளாகப் பழக்கமில்லாத பொடி எழுத்தைப் படித்த கண். அவளுக்கு ஐயோ என்றிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? இரண்டு வார்த்தை. இன்று சாயங்காலம் வீடு வீடாக இருக்கும், சூனியக்காரி ஆற்றைக் கடந்துவிடுவாள், லென்ஸெல்லாம் அதனதன் தட்டில் விழும்.

பேனாவை எடுத்தாள். 'எல்லாருக்கும்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கருத்து மாறினால் எழுதலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. மாறியிருக்கிறதா என்று நேர்மையாகத் தேடினாள். புத்தகத்தை அவனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது எழுதும்போது அவளுக்குத் தெரியாது, இப்போது தெரியும். அவன் கேட்டான். நல்ல மனசோடு, தட்டைக் கழுவி வைத்து, பதில் வருமென்று காத்திருந்து கேட்டான். இனி அவள் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் அவன் அட்டையைப் பார்ப்பான். அன்றைக்கு அது வெறும் ஊகம். இன்றைக்கு அது அவளுடைய கருத்து.

பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள். தாளை இரண்டு விரலால் துப்பு சார் பக்கம் நகர்த்தினாள்.

"பழசே இருக்கட்டும் சார்."

"நான் கேக்கறேன்ல?" என்றான் கணவன்.

"கேக்கறீங்க," என்றாள் அவள், அவனைப் பார்த்தே. "நான் எழுதலைங்க."