பூவிழி எடுத்துவிட்ட வட்டம்

கண்ணுகளா, இப்படிக் கிட்ட வாருங்கள். பின்னால் நிற்கிற பிள்ளையும் வரட்டும். ஒரு கதை சொல்கிறேன். நடுவில் மனசு கனத்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பசியாவரத்தில் பூவிழி என்று ஒரு பெண். பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்தவள். ஊரைச் சுற்றி ஏரித் தண்ணீர். சிக்னலோ எப்போதாவது வரும் விருந்தாளி. படகில் போனவர்களோடு வீட்டில் இருப்பவர்கள் பேச, பழைய போனிலும் திறக்கிற மாதிரி ஓர் அரட்டைப் பக்கம் செய்து கொடுத்தாள். சேதி அனுப்பினால், அது போய்ச் சேரும்வரை பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். பெண்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் படகுத்துறைவரை நடப்பார்கள். வட்டம் நின்று டிக் விழுந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

"உன் வட்டம் சுத்தி முடிக்கிறதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு மீனையே வித்துட்டு வந்துடுறாரு," என்று பக்கத்து வீட்டு முனியம்மா கிண்டல் செய்தாள்.

பூவிழிக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினாள். படங்களைச் சிறிதாக்கினாள். பழைய சேதிகளை, தேடிப் போனால் மட்டும் வரும்படி ஒதுக்கினாள். கடைசியில் அந்த வட்டத்தையும் எடுத்துவிட்டாள். இனி தொட்டவுடன் டிக் விழும். சேதி போனுக்குள் காத்திருந்து, சிக்னல் கிடைக்கிறபோது தானே போகும்.

"இப்பதான்டி சர்ருனு போவுது," என்றாள் முனியம்மா. துறைக்கு நடப்பதை ஊரே விட்டது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் காற்று திரும்பியது. பூவிழியின் அண்ணன் இளவழகன் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் படகில் போயிருந்தான். அண்ணி கஸ்தூரி வீட்டிலிருந்தே எழுதினாள்: 'வாடக்காத்து ஏறுது. மொகத்துவாரம் தாண்டாதய்யா, திரும்பிடு.' டிக் விழுந்தது. போனை அலமாரியில் வைத்துவிட்டு இறால் உரிக்கப் போனாள்.

விடிந்தபோது கவிழ்ந்த படகு கரை ஒதுங்கியிருந்தது. பிறகு அவனும் ஒதுங்கினான்.

காரியம் முடிந்தும் கஸ்தூரி அழவில்லை. கோபமாகவே இருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டினாள்.

"பாரு பூவு, டிக் இருக்குது. நான் சொல்லிட்டுதான் இருந்தேன். உங்கண்ணன் என் பேச்ச மதிக்கல. என்னவிட மீனு பெருசாப் பூடுச்சு அவருக்கு."

பூவிழி வீட்டுக்கு ஓடி, கம்ப்யூட்டரில் அந்தச் சேதியைத் தேடினாள். அது அன்றைக்குப் போகவே இல்லை. விடிந்த பிறகு, போனைக் கையில் இறுக்கிக்கொண்டு கஸ்தூரி துறைக்கு ஓடினாளே, அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. போய்ச் சேர அவன் போன் தண்ணீருக்கு மேலே இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அண்ணி சாகிறவரை செத்தவனைத் திட்டிக்கொண்டிருப்பாள். சொன்னாலோ, அண்ணன் போனது போல அண்ணியும் தன்னைவிட்டுப் போய்விடுவாள்.

போய் எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணி, அண்ணனுக்கு அந்தச் சேதி வர்ல. போறதுக்கு முன்னாடியே டிக் விழுற மாரி நான்தான் பண்ணிட்டேன். வட்டம் இருந்திருந்தா நீங்க துறைக்கு நடந்திருப்பீங்க."

கஸ்தூரி போனை எடுத்து அந்த டிக்கைப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவரு என் பேச்ச தட்டல," என்றாள்.

"தட்டல அண்ணி."

அப்போதுதான் அழுதாள். தொடப் போன பூவிழியின் கையை விலக்கினாள். "நீ போ பூவு. உன் மூஞ்சிய பாக்க முடியல."

பூவிழி வட்டத்தைத் திரும்ப வைத்தாள். ஊர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி துறைக்கு நடந்தது. கஸ்தூரியும் நடந்தாள். அவள் போனில் அந்தப் பழைய சேதியின் டிக் மறைந்து, வட்டம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அது நிற்காது என்று தெரிந்தும் சாயங்காலம்தோறும் போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள்.

ஒருநாள் பூவிழி தள்ளி நின்றே கேட்டாள்: "அத மட்டும் நிறுத்திடட்டுமா அண்ணி?"

கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. "வேணா. சுத்தட்டும்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள் எல்லோரும் விளக்கு வைக்குமுன் வாசலுக்கு வந்து சேரட்டும். நீங்கள் சொன்ன சொல் சேரவேண்டிய காதில் சேரட்டும். உங்கள் அடுப்பில் என்றைக்கும் உலை கொதிக்கட்டும்.