கவின்ராஜின் பதினொன்றாம் பதிப்பு

மைசூர் விஜயநகரில் கவின்ராஜின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. மென்பொருளின் பத்தாம் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, பதினொன்றுக்கு மாறிவிடுங்கள் என்று திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். கவின்ராஜ் 'பிறகு பார்க்கலாம்' என்பதை அமுக்கிவிட்டுக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போய்விடுவான். பக்கத்து ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன் அவன். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் முதல் பாடம்.

ஆனால் புது மனைவி தமிழ்ப்ரியாவுக்கு அந்தப் பாடம் தெரியாது. அவள் கதை எழுதுகிறவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தால், பால் பொங்கி அடங்கிய பிறகும் ஃபைல் திறப்பதில்லை என்று அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள். கவின்ராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அரை மணி நேரத்துல ஆய்த்து ப்ரியா, நீ பாத்துக்கிட்டே இரு" என்று உட்கார்ந்தான்.

அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்புமா முடிந்தது, துணி காய்ந்தது, சாப்பாட்டு நேரமும் வந்து போனது. அறுபத்தோரு சதவீதத்தில் நின்ற கம்ப்யூட்டர், வேண்டாத விருந்தாளி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இப்போது மாறும் என்று அவன் சொல்வதும், ஆமாமாம் என்று அவள் தலையாட்டுவதுமாகப் பொழுது போயிற்று. கடைசியில் ஒரு வழியாகப் பதினொன்று வந்து சேர்ந்தபோது, கவின்ராஜ் தானே அதைப் பெற்றெடுத்தவன் போல நெட்டி முறித்தான்.

அத்தோடு எழுந்திருந்தால் தப்பித்திருப்பான். எழுந்திருக்காமல் மொழிகளின் பட்டியலைத் திறந்து பெருமை காட்டினான். காபியோடு பின்னால் நின்ற தமிழ்ப்ரியா அதில் தமிழைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, தமிழ் இருக்குதுங்களே. அதையே வெச்சுடுங்க. நமக்கு எதுக்குங்க இங்கிலீஷு?"

வேறு எந்தப் புருஷனும் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பான். கவின்ராஜால் முடியவில்லை. ஏனென்றால் அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அது அவன் மனைவிக்குத் தெரியாது.

பேசுவான், நன்றாகவே பேசுவான். கன்னடப் பக்கத்து அனூரில் பிறந்து, அம்மாவிடம் தமிழில் திட்டு வாங்கி, தமிழில் எதிர்த்துப் பேசி வளர்ந்தவன்தான். பள்ளிக்கூடம் மட்டும் கன்னடம். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கத்தை அவனாக வரவழைத்துக்கொண்டான். அந்தியூரில் பெண் பார்க்கப் போன அன்று, பெண் அவன் கையில் சில தாள்களைக் கொடுத்து, தான் எழுதிய கதை, படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. படிக்க வராது என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கு வந்து யோசித்தான். எந்தக் கதையாக இருந்தாலும் முடிவு என்று ஒன்று இருந்தே தீரும், அதைப் பாராட்டினால் ஆபத்தில்லை என்று முடிவு செய்து, போனில் கூப்பிட்டு, முடிவு பிரமாதம் என்று சொன்னான். மறுநாள் பெண் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது.

நிச்சயத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பிறகு கல்யாணம் ஆகட்டும் என்று நினைத்தான். பிறகு ஆடி கழியட்டும் என்று நினைத்தான். அதற்குள் பொய் வீட்டில் ஒரு ஆளாகவே வளர்ந்துவிட்டது. அவள் தமிழில் செய்தி அனுப்பினால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, போனையே படிக்கச் சொல்லிக் காதோடு வைத்துக் கேட்பான். பத்திரிகையில் ஏதாவது காட்டினால் அவள் திரும்பிய சமயம் படம் பிடித்துக்கொண்டு மறுபடியும் குளியலறை. இதைப் பார்த்துப் பார்த்துத் தமிழ்ப்ரியா தன் புருஷனுக்கு வயிறு சரியில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தாள். மைசூர்த் தண்ணீர் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். காவிரித் தண்ணீரிலேயே ஊறிய மனுஷனுக்குத் தினமும் பெருங்காயம் போட்ட மோர் வந்தது, குழம்பில் மிளகாய் நின்றுபோனது. காரம் என்றால் உயிரை விடுகிறவன், எட்டு மாதமாகப் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஆகவே மனைவி கேட்டதும் தமிழை வைத்தான். கம்ப்யூட்டர் ஒரு தடவை அணைந்து எழுந்தது. திரை முழுக்கத் தமிழ். ஊர் தெரியாத பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்க்கிறவன் போலக் கவின்ராஜ் முழித்தான். திரையில் வந்த முதல் கேள்விப் பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். இரண்டாவதுக்கும் போனான். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது, நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அவள் கவலையோடு சொன்னாள். அவளுடைய போனில் சார்ஜ் இல்லாததால் அவன் போனை வாங்கி அம்மாவோடு கொஞ்ச நேரம் பேசினாள். பேசி முடித்து அதைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசையத் தொடங்கினாள்.

போன் கையில் இல்லாத அந்த நேரம் பார்த்து நாலாவது பெட்டி வந்தது. அதன் தோற்றத்திலிருந்தே அவனுக்கு விஷயம் புரிந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டது, எதையாவது தூக்கிப் போட அனுமதி கேட்கிறது. ஒரு நீளமான பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டிக் அடித்திருந்தது, கீழே இரண்டு பொத்தான்கள். எதைத் தூக்கிப் போடப்போகிறது என்பதுதான் தெரியவில்லை. சமையலறையிலிருந்து, அது என்னமோ கேட்கிறதா என்று குரல் வந்தது. ஒன்றும் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இடது பக்கப் பொத்தானுக்கு மவுஸை நகர்த்தினான். ஆங்கிலத்தில் எப்போதும் இடது பக்கம்தான் அமுக்குவான்.

அப்போதுதான் பட்டியலில் ஒரு சொல் கண்ணில் பட்டது. தமிழில் கவின்ராஜுக்குப் பார்த்தவுடன் தெரியும் சொல் உலகத்தில் ஒன்றே ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு நேராக இருந்ததைப் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்தது. ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடியில் விரலால் எழுதிக்கூடப் பார்த்திருக்கிறான். அந்தச் சொல் பட்டியலில் வரிக்கு வரி இருந்தது. தமிழ்ப்ரியா, தமிழ்ப்ரியா என்று மேலிருந்து கீழே வரை.

அவள் கதைகளை இணையத்தில் ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, தன் பெயரைப் போட்டு இறக்கிவைப்பாள். இறங்கிய இடத்திலேயே எல்லாம் கிடக்கும். இன்னொரு பிரதி எடுத்துவைக்கிற பழக்கமே கிடையாது. கவின்ராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வலதா இடதா என்று குத்துமதிப்பாக அமுக்கினால் பாதிக்குப் பாதி மானம் தப்பும், பாதிக்குப் பாதி அவள் எழுதியதெல்லாம் போய்விடும். கூப்பிட்டால் மானம் முழுசாகப் போகும். கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ப்ரியா, இங்க வா. இதப் படிச்சுச் சொல்லு."

கையெல்லாம் மாவு, நீங்களே படியுங்கள் என்றாள் அவள்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. திரையைப் படித்தாள். மாவுக் கையோடு மவுஸைப் பிடித்து, 'வேண்டாம்' என்றிருந்த வலது பக்கப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி மறைந்தது. அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எட்டு மாதக் கதையையும் அவன் சொன்னான், குழாய்ச் சத்தம் உட்பட. அப்படியானால் வயிறு என்று கேட்டாள். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்றான். தன் அம்மா அவன் வயிற்றுக்காகக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றும், அதை இனி எந்த முகத்தோடு வாபஸ் வாங்குவது என்றும் அவள் கேட்டாள். குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் உதடு ஓரத்தில் வேறு ஏதோ துடிப்பதைப் பார்த்துக் கவின்ராஜ் கொஞ்சம் தைரியமானான். அந்தத் தைரியம் அடுத்த கேள்வி வரைக்கும் தாங்கியது.

"அப்ப அந்தக் கதை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முடிவு பிரமாதம்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க நான் உங்களைக் கட்டிக்கிட்டேன்."

மன்னித்துக்கொள் என்றான், அது அவன் காதுக்கே போதவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டி கட்டுகிறாள், அந்தியூர் பஸ்ஸுக்குக் கிளம்பப்போகிறாள் என்று அவன் எழுந்தே நின்றுவிட்டான். அவள் கையைக் கழுவிக்கொண்டு அந்தக் கதைத் தாள்களோடு வந்தாள். உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

பர்கூர் மலைப்பாதையில் பஸ்ஸில் போகிற ஒரு பெண்ணின் கதை அது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். பாதி வழியில், தொழுவத்தில் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட மறந்தது ஞாபகம் வருகிறது. வளைவில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுகிறாள். கவின்ராஜ் மன்னிப்பு, மானம் எல்லாவற்றையும் மறந்து நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். அந்தப் பெண் சாலையில் நின்று மேலேயும் பார்க்கிறாள், கீழேயும் பார்க்கிறாள். தமிழ்ப்ரியா தாள்களை மடித்தாள்.

"மிச்சம் எங்க?" என்றான் கவின்ராஜ். "அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போனாளா இல்லியா?"

தமிழ்ப்ரியாவுக்குச் சுருக்கென்றது. இதே கதையைப் பிறகு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். முடிக்காமல் விட்டதுதான் அழகு என்று அந்தியூரில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே, போனில் அப்படிச் சொன்னவன் இவன்தான். அதையெல்லாம் சொல்லி ஒரு பிடி பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது.

"தெரியலைங்க," என்றாள். "எனக்கு முடிக்கத் தெரியாமத்தான் அங்கயே நிறுத்துனேன்."